கிரேக்கப் போர்வையும் என் நெற்றிச் சாம்பலும்

மாதா கோயில் வாசற்படியில் நான் கால் வைத்தபோது ஸ்டெல்லா என் முகத்தைப் பார்க்கவில்லை. நெற்றியைப் பார்த்தாள். பிறகு தன் அப்பாவைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று காலை எனக்கு ஞானஸ்நானம். மறுநாள் எனக்கும் அவளுக்கும் கல்யாணம். புதன்கிழமையிலிருந்து தபசு காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் விரதம், தொடங்கிவிடும். அப்புறம் ஈஸ்டர் முடிகிறவரை அந்தக் கோயிலில் கல்யாண மேளச் சத்தம் கேட்காது. ஈஸ்டர் முடிந்தால் ஸ்டெல்லாவின் அத்தை மகன் மிலிட்டரியிலிருந்து லீவில் வருவான். அவன் சும்மா வரப்போவதில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆக, எனக்கு இருந்தது அந்த ஒரு காலைப்பொழுதுதான்.

ஸ்டெல்லாவின் அப்பா அந்தக் கோயிலின் உபதேசியார். மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பது, சாமியாரை விடக் கண்டிப்பாக இருப்பது எல்லாம் அவர் வேலை. வாசலில் நின்றுகொண்டிருந்தவர் என் கிட்டே வந்தார்.

"இன்னாடா இது?"

"எது?"

"நெத்தியில."

கை தானாக மேலே போனது. விரலில் வெள்ளையாக ஒட்டியது. மூன்று பட்டை, நல்ல அகலமாக. விபூதி.

"கிண்டல் பண்றதுக்கு வேற நாளே கெடைக்கலையா உனக்கு?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் சங்கடம் புரியும். ஊரில் எவனாவது நாய் வாலில் டப்பா கட்டினால் கூட என் வீட்டுக்குத்தான் முதலில் ஆள் வரும். நான் நிஜம் சொன்னாலே நாலு பேர் சிரிப்பார்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

தீர்த்தம் குடித்த கதை

அந்த வாசற்படிக்கு நான் எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என்னை அங்கேயே நிற்க வைத்திருங்கள். பயந்துகொண்டு நிற்கட்டும்.

ஸ்டெல்லா வாலாஜாபாத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் டீச்சர். காலை பஸ்ஸுக்கு வருவாள். நான் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் ஒரே முடிவைப் பெற்றவன். அப்பாவோடு தறியில் உட்காரும் நேரம் போக மீதி நேரம் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன்.

"டீச்சர், உங்க ஸ்கூல்ல என்னை ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துக்குவீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சேத்துக்கலாம். ஆனா பெஞ்சு ஒடைஞ்சிடும்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

பதிலுக்குப் பதில் பேசுகிற பெண்ணை எங்கள் ஊரில் நான் அதுவரை பார்த்ததில்லை. அங்கேயே விழுந்தேன். அவள் விழ ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

முதல் தடவை அவளைப் பார்க்கக் கோயிலுக்குப் போனேன். வாசலில் கல் தொட்டி மாதிரி ஒன்றில் தண்ணீர் இருந்தது. எல்லோரும் விரலை நனைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்குக் கோயிலில் தண்ணீரைக் கண்டால் என்ன தோன்றும்? இரண்டு கையையும் குவித்து ஒரு வாய் அள்ளிக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டேன்.

உபதேசியார் பார்த்துவிட்டார். "சாமி தண்ணிய வெச்சிக் கூத்தடிக்கிறியா?"

"தீர்த்தம்னு நெனைச்சேங்க."

"நீயா? தீர்த்தம்னு நெனைச்சியா?"

அது சத்தியமாகத் தெரியாமல் செய்தது. இன்று வரை யாரும் நம்பவில்லை. ஸ்டெல்லா உட்பட. "மந்திரிச்ச தண்ணியில உப்புப் போடுவாங்களே, ஜாஸ்தியா இருந்துச்சா?" என்று அடுத்த நாள் பஸ் ஸ்டாண்டில் கேட்டாள்.

கல்யாணம் என்று பேச்சு வந்ததும் உபதேசியார் சொன்னது ஒன்றுதான்: ஞானஸ்நானம் வாங்கினால் பேசலாம். தீபாவளி முடிந்த கையோடு, தறி வேலை முடித்து, சாயங்காலங்களில் சாமியாரிடம் வேதப் பாடம் கேட்கப் போனேன்.

சாமியாரும் அவருடைய கிரேக்கர்களும்

சாமியார் என்றதும் தாடி வைத்தவரை நினைக்காதீர்கள். இவர் பாதிரியார், தூத்துக்குடிப் பக்கத்து ஆள். என்னை விட நாலைந்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். ரோமாபுரியில் படித்துவிட்டு வந்து, முதல் முதலாகத் தனியாக ஒரு கோயிலைப் பார்த்துக்கொள்கிறார். கொசுவுக்கும் பயம், உபதேசியாருக்கும் பயம்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. கிரேக்கர்கள். பத்துக் கற்பனைகளை, அதாவது பத்துக் கட்டளைகளை, சொல்ல ஆரம்பித்தால் நாலாவதற்குள் ஏதென்ஸ் வந்துவிடும்.

"சாக்ரடீஸ்னு ஒருத்தரு. கடைத்தெருவுல நின்னுகிட்டுப் போறவன் வாறவனையெல்லாம் கேள்வி கேப்பாரு. நீதின்னா என்ன, தைரியம்னா என்னன்னு. பதில் சொன்னா அதுக்கு மேல ஒரு கேள்வி."

"சம்பளம் உண்டா சாமி?"

"விஷம் குடுத்தாங்க."

"பஸ் ஸ்டாண்டுல நானும் அதையேதான் செய்யறேன். எனக்கு டீயாவது குடுக்கறாங்க."

அவர் சிரித்துவிட்டுத் தொடர்வார். புனித பவுலை அப்போதெல்லாம் சின்னப்பர் என்றுதான் சொல்வார்கள். "சின்னப்பர் ஏதென்ஸுக்குப் போனாரு. தெருவெல்லாம் சிலை, பீடம். அதுல ஒரு பீடம் பேர் தெரியாத தெய்வத்துக்குன்னு விட்டு வெச்சிருந்தாங்க. இவரு என்ன செஞ்சாரு? பீடத்தை இடிக்கல. நீங்க பேர் தெரியாம கும்பிடுதீங்களே, அவரைத்தான் நான் சொல்ல வந்திருக்கேன்னாரு."

"எங்க ஊர்ல அப்படி ஒரு பீடம் காலியா இருக்காது சாமி. ரெண்டு நாள்ல யாராவது வந்து உக்காந்துக்குவாங்க. மூணாவது நாள் உண்டியல்."

போர்வைக்காரர் ஒருவரின் கதையை அவர் சொன்னது ஒரு மழை நாளில். அவருடைய ஓட்டு வீட்டில் சொட்டுகிற இடத்தில் பக்கெட்டை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தத்துவம் படித்தவர்கள் அந்தக் காலத்தில் ஒரு போர்வை போர்த்திக்கொண்டு திரிவார்களாம். தூரத்தில் பார்த்தாலே தெரியுமாம், இவன் யோசிக்கிற ஜாதி என்று.

"இன்னா நூலு சாமி?"

"கம்பளியா இருக்கும்."

"கரை உண்டா?"

"தெரியாதுய்யா."

"இதைக் கூடக் கேட்டுக்காம ரோமாபுரியில இன்னாதான் படிச்சீங்க?"

அப்படிப் போர்வை போர்த்திய ஒருவர், குரு மாற்றிக் குரு மாற்றி அலைந்து, கடைசியில் இயேசுவிடம் வந்து சேர்ந்தார். ஞானஸ்நானம் வாங்கினார். ஆனால் போர்வையைக் கழற்றவில்லை. அதைப் போர்த்திக்கொண்டே ரோமாபுரியில் வேதம் போதித்தார். உலகத்தை நடத்துகிற ஒரு அறிவு உண்டு என்று கிரேக்கர்கள் முன்னாலேயே சொல்லி, அதற்கு ஒரு பேரும் வைத்திருந்தார்கள். அந்த அறிவுதான் மனுஷனாக வந்தது என்றார் இவர். அதன் விதை எல்லா மனுஷருக்குள்ளும் விழுந்திருக்கிறது. அதன்படி நடந்தவன் இயேசுவுக்கு முன்னால் செத்திருந்தாலும் நம்மவன்தான். சாக்ரடீஸும் நம்மவன்தான்.

"அப்புறம்?"

"தலையை வெட்டிட்டாங்க."

"யாரு? கோயில்காரங்களா?"

"ரோம ராஜாங்கம்."

"அதானே பார்த்தேன். நம்ம உபதேசியார் மாதிரி ஒருத்தர் அங்கயும் இருந்திருப்பாரோன்னு பயந்துட்டேன்."

"இருந்தாரே!" என்றார் சாமியார், உற்சாகமாக. "ஆப்பிரிக்காவுல ஒருத்தரு. வக்கீல் மாதிரி வாதாடுவாரு. ஏதென்ஸ்காரன் சரக்கு நமக்கு எதுக்கு, வேதம் வந்த பிறகு தேட ஒண்ணுமில்லன்னு அடிச்சுச் சொன்னவரு. வேடிக்கை என்னன்னா, அந்தப் போர்வையைக் கடைசில அவரும் போத்திக்கிட்டாரு."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். வெளியே தாழ்வாரத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். உபதேசியார். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ.

சாக்ரடீஸ் உள்ளேயா, வெளியேயா?

ஒவ்வொரு பாடமும் முடிந்து எழுந்திருக்கும்போது நான் ஒரு கேள்வி கேட்பேன். "சாமி, கடைசியா ஒண்ணு. சாக்ரடீஸ் இப்ப உள்ள இருக்காரா, வெளியில இருக்காரா?"

உள்ளே என்றால் மோட்சம். முதல் இரண்டு தடவை அவர் சிரித்தார். மூன்றாவது தடவை, "உள்ளன்னுதான் நான் நினைக்கேன்" என்றார். அதன் பிறகும் கேட்டேன். ஒருநாள் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏகாம்பரம், நீ சாக்ரடீஸைப் பத்தியா கேக்குதே?"

"பின்ன? உங்க அத்தையைப் பத்தியா?" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மா போய் அப்போது மூன்று வருஷம்.

அவளைப் பற்றி இந்தத் தொடரில் நான் எழுதியதே இல்லை. கிண்டல் செய்ய வராத விஷயத்தைப் பற்றி எழுத எனக்குப் பழக்கமில்லை. பிரதோஷம் தவறாமல் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போவாள். என் பேர் எங்கேயிருந்து வந்தது என்று இதற்கு மேல் சொல்ல வேண்டாம். நான் ஞானஸ்நானம் வாங்கி மோட்சத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்துவிட்டால், அவள் எங்கே? நான் போய் அங்கே உட்கார்ந்துகொண்டு, அவள் இல்லாத இடத்தில் என்ன செய்வது?

இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. அதனால் ஏதென்ஸ்காரரை அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செத்த சாமியும் உயிருள்ள சாமியும்

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம், உபதேசியார் பாடத்தின் நடுவிலேயே உள்ளே வந்தார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். என் கட்சிக்கு எதிரான பேச்சுதான்; ஆனால் அவ்வளவு நன்றாக என் கட்சியில் யாரும் பேசவில்லை.

"சாமி, உங்க கிரேக்கத்தான் செத்து எத்தினி காலமாச்சு? அவன் சாமிக்கு இன்னைக்குத் தேர் ஓடுதா? மேளம் அடிக்கிறாங்களா? செத்த சாமிய யார் வேணா நல்லவர்னு சொல்லிடலாம். இங்க ஏகாம்பரநாதர் உசுரோட இருக்காரு சாமி. பங்குனில கல்யாண உற்சவம்னா ஊரே அங்கதான் நிக்குது. இவன் பேரே ஏகாம்பரம். நாளைக்கு என் பொண்ணையும் கூட்டிக்கினு போயி அந்தக் கும்பல்ல நிப்பான். நீங்க மாத்தலாயிப் பூடுவீங்க. நாந்தானே இங்க இருக்கணும்?"

சாமியார் கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அப்ப என்ன செய்யணுங்கீங்க?"

"வாசப்படியில நின்னு, எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லட்டும். எங்க அம்மா கும்பிட்டது பேயி, அதை நான் விட்டேன்னு. சொன்னான்னா மறுநாள் நானே பொண்ணைக் கையில புடிச்சிக் குடுக்கறேன். சொல்லலைன்னா, மேல இருக்கற பெரிய சாமியாரைப் பார்த்து இந்தக் கல்யாணத்தை நிறுத்துவேன்."

விட்டேன் என்று சொல்ல எனக்குக் கஷ்டமே இல்லை. நானே கோயிலுக்குப் போவது சுண்டலுக்காக. நடுவில் அம்மாவை ஏன் கொண்டுவந்தார்?

சாமியாரைப் பார்த்தேன். போர்வைக்காரருக்காக அவ்வளவு பேசியவர், எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று. அவர் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தண்ணீர் இல்லை. மழை நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லா கேட்டாள். "சொல்லிடுவியா?"

"நீ இன்னா சொல்ற?"

"சொன்னியானா உம்மேல எனக்கு மரியாதை இருக்காது. சொல்லலைன்னா நான் உனக்குக் கெடைக்கமாட்டேன். பார்த்துச் செய்யி."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். அன்றைக்கு நான் யாரையும் கிண்டல் செய்யவில்லை. டீக்கடைக்காரர் "உடம்பு சரியில்லையாபா?" என்று கேட்டார்.

மதிலுக்கு வெளியே

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பாடம் தொடங்கிய புதிதில் கல்லறைத் திருநாள் வந்தது. அன்று சாயங்காலம் செத்தவர்களின் கல்லறைகளுக்குப் பூப் போட்டு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். கோயிலுக்குப் பின்னால்தான் கல்லறைத் தோட்டம். மதில் சுவருக்குள் எல்லாம் மினுக் மினுக் என்று அழகாக இருந்தது. சாமந்தி வாசனையும் மெழுகு வாசனையும்.

நான் சைக்கிளைச் சுவருக்கு வெளியே நிறுத்தப் போனேன். அங்கே, மதிலுக்கு இந்தப் பக்கம், முள்ளுச் செடிக்கு நடுவில் உபதேசியார் குந்திக்கொண்டிருந்தார். தரையில் ஒரே ஒரு மெழுகுவத்தி.

நாக்கு சும்மா இருக்குமா? "இன்னா உபதேசியாரே, உள்ள எடம் ரொம்பிப் போச்சா? கியூல நிக்கிறாங்களா?"

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பவே இல்லை. காற்று அடித்தது. உள்ளங்கையை வளைத்துச் சுடருக்கு மறைப்பு வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

ஸ்டெல்லாதான் பிறகு சொன்னாள். அவர்களுக்குப் பூர்வீகம் ஐயம்பேட்டை. அவள் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய அப்பா வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரானார், பையனையும் சேர்த்தார். அவருடைய அம்மா மட்டும் மாரியாத்தாளை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அப்படியே செத்தாள். அப்போதிருந்த சாமியார் மதிலுக்குள் இடம் தர மறுத்ததால், வெளியே முள்ளுக்கு நடுவில் புதைத்தார்கள்.

"வருஷா வருஷம் ஏத்துவாரு. ஏன்னு யாரும் கேட்டது கெடையாது. நீதான் மொதல்ல கேட்ட, அதுவும் அந்த மாதிரி" என்றாள்.

அப்பா வைத்த வேலை

நான் வேதத்தில் சேரப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பது வேறு. இவர் தறியில் நாடாவைத் தள்ளிக்கொண்டே, நான் அங்கே இல்லாத மாதிரி இருந்தார். சோறு மட்டும் எனக்கும் சேர்த்தே வடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினேன். அப்பா தறிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"போறதா இருந்தா பாவு பிணைச்சுட்டுப் போ" என்றார்.

மாதக்கணக்கில் அவர் பேசிய முதல் பேச்சு. மீற முடியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் இழைகள், நெய்து முடிந்ததும் தறியைக் காலி செய்துவிடமாட்டோம். பழைய இழைகளின் நுனியை, சீப்பு மாதிரி இருக்கும் அச்சிலேயே விட்டு வைப்போம். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழை ஒவ்வொன்றோடும் விரலால் முறுக்கிப் பிணைத்து, பழையதைப் பிடித்து இழுத்தால் புதியது பின்னாலேயே உள்ளே வரும். ஆயிரக்கணக்கான இழை. பட்டு வழுக்கும், அதற்காக விரலைச் சாம்பலில் தொட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை. அடுப்புச் சாம்பலில் மண் இருக்கும், இழை அறுந்துவிடும் என்று கோயில் விபூதியை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருப்பாள். அவள் போன பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. டப்பாவும் வந்தது.

முந்தின நாளே பாதிக்கு மேல் பிணைத்திருந்தேன். மிச்சத்தை அப்பாவும் நானும் இரண்டு ஓரத்திலிருந்தும் ஆரம்பித்து நடுவில் சந்தித்தோம். ஒரு பேச்சில்லை. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குக் கோயில் மணி காதில் அடித்துக்கொண்டே இருந்தது. நிஜமாக அடிக்கவில்லை, பயத்தில் அடித்தது.

கடைசி இழை முடிந்ததும், விரலில் மிஞ்சிய சாம்பலை வீட்டில் சின்னவன் நெற்றியில் இழுத்துவிடுவது எங்கள் வழக்கம். அம்மா எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து செய்தது. அன்று அப்பா செய்தார். மூன்று விரல். அழுத்தி.

"போ. நாழியாவுது" என்றார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். நெற்றியில் விபூதி இருப்பது எனக்கு மூக்கு இருப்பது மாதிரி. வழியில் எவன் அதை நினைத்துக்கொண்டிருப்பான்?

வாசற்படி

இனி, அங்கே நிற்க வைத்திருந்தவனிடம் போகலாம்.

"கிண்டல் இல்லைங்க. பாவு பிணைச்சேன். எங்க அப்பா வெச்சி உட்டாரு" என்றேன்.

"சாம்பலா, விபூதியா?"

அடுப்புச் சாம்பல் என்று சொல்லியிருக்கலாம். எவ்வளவு பொய் சொன்ன வாய்! அன்று வரவில்லை.

"விபூதிதான். எங்க அம்மா டப்பாவுல இருந்தது."

கும்பலில் ஒரு முணுமுணுப்பு. ஞானஸ்நானத்தில் எனக்குப் பொறுப்பேற்று ஞானத்தகப்பனாக நிற்க வந்த ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒரு அடி பின்னால் போனார். சாமியார் வெள்ளை உடுப்பில், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

தபசு தொடங்கும் புதன்கிழமை இதே கோயிலில், இதே உபதேசியார் எல்லோரையும் நெற்றியில் சாம்பல் வாங்க வரிசையில் நிறுத்துவார். 'மூணு நாள் முன்னாடியே வந்துட்டேன்' என்று ஒரு வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கினேன். வாழ்க்கையில் நான் விழுங்கிய முதல் கிண்டல் அதுதான். கஷாயம் மாதிரி இறங்கியது.

"சாமி" என்றார் உபதேசியார். "பார்த்தீங்களா? நான் சொன்னேனே."

சாமியார் என் நெற்றியைப் பார்த்தார். ஸ்டெல்லாவைப் பார்த்தார். பிறகு, "போர்வையைக் கழட்டிட்டு வான்னு அவரை யாரும் சொல்லல, உபதேசியாரே" என்றார்.

"அது ரோமாபுரி சாமி. இது காஞ்சிபுரம்." உபதேசியார் என் பக்கம் திரும்பினார். "தொடைக்க வேணாம். அப்படியே இருக்கட்டும். நீ சொல்ல வேண்டியதைச் சொல்லு. உங்க அம்மா கும்பிட்டது பேயி. சொல்லு."

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன்.

"சொல்லுடா. உங்க அம்மா இப்ப எங்க இருக்கான்னு நெனைக்கிற நீ?"

நான் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. அவரைக் குத்துவதற்கும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

"உங்க அம்மா இருக்கற எடத்துலதாங்க ஐயா."

அவரை ஐயா என்று நான் அதற்கு முன்பு கூப்பிட்டதில்லை.

கம்பவுண்டர் "டேய்" என்றார், மெதுவாக. ஸ்டெல்லா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். எல்லோரும் அடி விழும் என்றுதான் பார்த்தார்கள். நானும் கன்னத்தைக் கெட்டிப்படுத்திக்கொண்டேன்.

உபதேசியார் என்னைப் பார்க்கவில்லை. அந்த வாசற்படியில் நின்றால் பக்கவாட்டில் கல்லறை மதிலின் ஒரு மூலை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காக்கா வந்து மதில் மேல் உட்கார்ந்து, எழுந்து போகிற வரைக்கும் பார்த்தார்.

பிறகு தொண்டையைக் கனைத்தார். "தண்ணி கொண்டாறேன் சாமி" என்று உள்ளே போனார்.

சாமியார் அவசர அவசரமாகப் புத்தகத்தில் இருந்ததை மட்டும் கேட்டார். பசாசை விட்டுவிடுகிறாயா? விட்டுவிடுகிறேன். அதன் கிரியைகளை? விட்டுவிடுகிறேன். புத்தகத்தில் அம்மா பேச்சு இல்லை. திரும்பி வந்த உபதேசியாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. பித்தளைச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

குனிந்தேன். சாமியார் தலையில் தண்ணீரை ஊற்றினார். எனக்கு அந்தப் போர்வைக்காரரின் பேரையே வைத்தார்கள். தண்ணீர் முடிக்குள் புகுந்து, நெற்றியில் இறங்கி, சாம்பலைக் கரைத்துக்கொண்டு கண்ணுக்குள் வந்தது. எரிந்தது. உதட்டில் வந்து நின்றதை நக்கிப் பார்த்தேன். அம்மா டப்பாவின் வாசனை.

கண்ணைத் திறக்க முடியாமல் நின்றபோது ஒரு துண்டு என் தலையில் விழுந்தது. உபதேசியார் தோளில் கிடந்த துண்டு. அவரே துவட்டினார். பின்னந்தலை, காது, கழுத்து. கை முரட்டுத்தனமாகத்தான் இருந்தது. நெற்றிக்கு, கரையாமல் மிஞ்சியிருந்த சாம்பலுக்கு வந்தபோது நின்றது.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மிச்சம் தானா காயும்" என்றார். "உள்ள போ. நான் மணி அடிக்கணும்."